வர்றேன் கண்ணு

அனுப்பர்பாளையம் ஸ்டாப்பில் வினிதா இறங்கியபோது மணி எட்டரை. பாத்திரப் பட்டறைகளில் தட்டுகிற சத்தம் அதற்குள் தொடங்கியிருந்தது. மாதத்துக்கு ஒருநாள் கரண்ட் நிறுத்துவார்களே, அந்த நாள் அன்று. ஒன்பது மணிக்குப் போனால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் திரும்பி வரும். பனியன் கம்பெனிகளில் ஜெனரேட்டரை இப்போதே முடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரு முழுக்க டீசல் நாற்றம்.

அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியின் கேட்டைத் தாண்டினால் இடது கைப்பக்கம் ஓடு போட்ட பழைய கட்டடம். போன தை மாதம் வரைக்கும் அதுதான் பிரசவ வார்டு. பின்னால் நாலு மாடிக் கட்டடம் எழும்பியதும் வார்டை அங்கே கொண்டுபோய்விட்டார்கள். இதற்குச் சுண்ணாம்படித்து, 'பயிற்சிக் கூடம்' என்று பலகை மாட்டி, சாவியை வினிதா கையில் கொடுத்துவிட்டார்கள். பிறந்த குழந்தை அழவில்லை என்றால் முதல் ஒரு நிமிஷத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சுற்றுவட்டார நர்சுகளுக்கும் புது டாக்டர்களுக்கும் சொல்லிக்கொடுப்பது இப்போது அவள் வேலை.

கேட்டில் வாட்ச்மேன் சுப்பண்ணன் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க சிஸ்டர், அந்தப் பொம்மைய ஆஃப் பண்ணாமப் போயிட்டீங்களா? விடிய விடிய ஒரே அழுவாச்சிங்க."

"அதுக்கு ஆன், ஆஃப் எல்லாம் இல்லீங்கண்ணா. பேட்டரியே கிடையாது. குழாயோட முனைல இருக்கற பலூனை அமுக்குனாத்தான் அழுவும்."

"அப்பறம் யாருங்க அமுக்குனது?"

"பூனையா இருக்குமுங்க."

"பூனை அழுவுறதுக்கும் புள்ள அழுவுறதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதுங்களா? நாலு பெத்தவனுங்க நானு."

வினிதா சிரித்துவைத்தாள். ஆனால் பூட்டைத் திறக்கும்போது சாவி இரண்டு தடவை வழுக்கியது.

உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. நடுவில் நீள மேஜை. ஓரத்தில் பழைய இரும்புக் கட்டில், அதைச் சுற்றிப் பச்சைத் துணி மறைப்பு. பொம்மைப் பெட்டியின் கொக்கி மாட்டியே கிடந்தது. திறந்து பார்த்தாள். பொம்மை தலையில் மஞ்சள் குல்லாவோடு கண்ணை விழித்துப் படுத்திருந்தது.

குல்லா மட்டும் ஈரமாக இருந்தது. சுண்ணாம்படித்த சுவர்தானே, ஈரம் ஏறியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

எட்டு நர்சுகள் வந்தார்கள். பல்லடம், ராயபுரம், பெருமாநல்லூர் என்று ஆளுக்கொரு பக்கம். கூடவே அருள்செல்வன் என்று ஒரு இளம் டாக்டர். போன வருஷம் படிப்பை முடித்தவர், வாய்த்துடுக்கு கொஞ்சம் ஜாஸ்தி. வினிதா பொம்மைக்குள் தண்ணீரை நிரப்பினாள். இரண்டே கால் கிலோ. தூக்கினால் கழுத்து பின்னால் தொங்கும், கை கால் துவளும். முதல்முறை தூக்குகிறவர்கள் எல்லாருமே ஒருதரம் திடுக்கிடுவார்கள். அதற்குத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

"தொடைங்க. முதுகைத் தேய்ங்க. அழுவுதா? இல்லீங்களா? கொடிய வெட்டுங்க, தலைய நேராக்குங்க, மாஸ்க்கை வெய்ங்க. அமுக்கு, ரெண்டு, மூணு. அமுக்கு, ரெண்டு, மூணு. வாய் விட்டு எண்ணோணும். எண்ணாட்டி பயத்துல கை வேகமாப் போயிரும்."

சும்மா சொல்லக்கூடாது, மாஸ்க்கும் காற்றடிக்கிற பையும் பிடிப்பதில் அந்த வட்டாரத்திலேயே வினிதா கைதான் கை. ஆனால் அந்தக் கை உயிருள்ள குழந்தையைத் தொட்டு ஏழு மாதம் ஆகிறது. ஐப்பசியில் மேட்ரன் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, பிரசவ வார்டிலிருந்து மாற்றல் வாங்கிக்கொண்டாள். முதுகுவலி என்று காரணம் சொன்னாள். பொம்மை செத்தால் யாரிடமும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. இனி ஒரு குழந்தை தன் கையில் அழாமல் போய்விடக் கூடாது, அதை ஒரு தாயிடம் தான் போய்ச் சொல்லும்படி ஆகிவிடக் கூடாது. அவள் சாமியிடம் கேட்டது இவ்வளவுதான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாம் வகுப்பு. குடும்பத்தாரிடம் எப்படிப் பேசுவது. ஜெனரேட்டர் புதுக் கட்டடத்துக்கு மட்டும்தான்; இங்கே விளக்கும் இல்லை, ஃபேனும் இல்லை. ஜன்னலை ஒட்டிப் பக்கத்துக் கம்பெனியின் சுவர் எழும்பிவிட்டதால் பகல் இரண்டு மணிக்கே அறைக்குள் மங்கல். வினிதா சார்ட்டை மாட்டினாள். அவளே எழுதியது. உட்கார்ந்து பேசுங்கள். தாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். இறந்துவிட்டது என்ற சொல்லைச் சொல்லுங்கள். தூங்குகிறது என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். குழந்தையைத் தாயிடம் காட்டுங்கள்.

அருள்செல்வன் கையைத் தூக்கினார். "சிஸ்டர், மூஞ்சிக்கு நேரா செத்துப்போச்சுன்னா அடிக்க வந்துருவாங்க. இப்பத்திக்குத் தூங்குதுன்னு சொல்லீட்டு, அப்பறமா மெதுவாச் சொன்னா என்னங்க தப்பு?"

எல்லாரும் சிரித்தார்கள். வினிதா சார்ட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஊருக்கு உபதேசம் செய்ய நிற்கிறாளே, அவள் செய்தது அதைத்தானே!

போன ஐப்பசி. தீபாவளிக்கு ஐந்தாறு நாள் இருந்தது. நாகஜோதி என்று ஒரு பெண், உசிலம்பட்டிப் பக்கம், இருபத்திரண்டு வயது. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். இடுப்பு வலிக்கு நடுவிலும் சிரித்துக்கொண்டே பேசும். கட்டிங்கில் மிஞ்சிய மஞ்சள் பனியன் துணியில் குழந்தைக்குக் குல்லா தைத்துக் கொண்டுவந்திருந்தது. அன்றைக்கு மெஷினில் நீல நூல் ஓடியதால் தையல் எல்லாம் நீலம். "பொறந்த ஒடனே போட்டு விடுங்கக்கா, குளுந்துரும்" என்று வினிதாவின் கையில் திணித்தது. அவள் அதை யூனிஃபார்ம் பையில் போட்டுக்கொண்டாள்.

குழந்தை அழவில்லை. இருபது நிமிஷம் வினிதா பையை அமுக்கினாள். போதும் சிஸ்டர் என்றார் டாக்டர். அவருக்கு ஆபரேஷன் தியேட்டரில் இன்னொரு உயிர் காத்திருந்தது. தாயிடம் சொல்ல வேண்டியது வினிதா தலையில் விழுந்தது. இந்த மறைப்புக்குப் பின்னால், இந்தக் கட்டிலில் நாகஜோதி தலையைத் தூக்கிப் பார்த்தது.

"எம்புள்ள எங்கக்கா? சத்தத்தயே காணோம்?"

"தூங்குதுங்க கண்ணு. சித்த நேரத்துல கொண்டாரேன்."

"சரிக்கா. நீங்களே கொண்டாங்க. நீங்கதேன் என்னயக் கண்ணுன்னு கூப்புடுறீக."

அப்போது மணி இரண்டு. ஷிஃப்ட் முடிந்துவிட்டது. வினிதா வாசல் வரைக்கும் போய், பழக்க தோஷத்தில் திரும்பி, "வர்றேன் கண்ணு" என்றாள்.

சாவு விழுந்த இடத்திலிருந்து கிளம்பும்போது அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. சின்னக் குழந்தைக்கும் தெரியும். இழவு வீட்டில் யாராவது போயிட்டு வர்றேன் என்பார்களா? சொல்லிக்கொள்ளாமல், திரும்பிப் பார்க்காமல் இறங்கி நடப்பார்கள். அவள் சொல்லிவிட்டாள்.

மூன்று மணிக்கு நாகஜோதிக்கு ரத்தப்போக்கு. கோயம்புத்தூருக்கு ஆம்புலன்சில் கொண்டுபோகும் வழியில், அவிநாசி தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. அதுவரைக்கும், "அந்தக்கா வாரேன்னுச்சு, கொண்டாரேன்னுச்சு" என்று அனத்திக்கொண்டே போனதாம். மறுநாள் கூடப்போன நர்ஸ் சொன்னாள். அன்றிரவு துணி துவைக்கையில் பையிலிருந்து குல்லா வந்தது. கொண்டுபோய்க் கொடுக்கத் தைரியமில்லை, தூக்கி எறிய மனமில்லை. துவைத்துக் காயவைத்துக் கடைசியில் பொம்மைக்குப் போட்டுவிட்டாள். பொம்மையோடு வந்த குல்லா கிழிந்திருந்ததே, அந்தச் சாக்கு.

"சிஸ்டர்?" அருள்செல்வன் கூப்பிட்டார்.

"தப்புங்க சார்." வினிதா திரும்பினாள். "நடிச்சுக் காட்டறேன். மயிலா, நீங்க அம்மாவா இருங்க. போய்க் கட்டல்ல படுங்க."

மயிலாள் பெருமாநல்லூர் நர்ஸ், நல்ல நெட்டை. எழுந்து போனாள். வினிதா கொஞ்சம் தண்ணீர் குடித்தாள், முகத்தைத் துடைத்தாள், மறைப்பை விலக்கி உள்ளே போனாள்.

கட்டிலில் இருந்தவள் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வெள்ளைப் போர்வை காது வரைக்கும். ஸ்டூலை இழுத்துப் போட்டு வினிதா உட்கார்ந்தாள். சொல்லிக்கொடுத்தபடியே செய்தாள். அவசரப்படாமல், குரலைத் தாழ்த்தி.

"அம்மா, உங்களுக்கு ஒரு கஷ்டமான சேதி சொல்லோணுங்க."

"எம்புள்ள எங்கக்கா?"

பரவாயில்லையே, மயிலாளுக்குத் தெற்கத்திப் பேச்சு வருகிறதே என்று நினைத்தாள் வினிதா.

"நாங்க எவ்வளவோ பாடுபட்டமுங்க. ஆனா குழந்தை..."

"தூங்குதுன்னீகளே."

மெஷின் எண்ணெய் வாசம் வந்தது. கூடவே பச்சை ரத்தத்தின் வாசம். பிரசவ வார்டில் பத்து வருஷம் இருந்தவளுக்கு அதைச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

"கொண்டாரேன்னீக. அந்தப் பெட்டிக்குள்ளதேன் வச்சிருக்கீக. நெதமும் ஆளாளுக்குத் தூக்குறாக. குப்புறப் போடுறாக. எங்கிட்ட மட்டும் தரமாட்டேங்கிறீகளேக்கா."

வினிதா போர்வையைப் பார்த்தாள். நெட்டைப் பெண் படுத்தால் கால் கட்டிலின் கம்பியை இடிக்கும். இந்தப் பாதங்கள் முக்கால் கட்டிலிலேயே முடிந்துவிட்டன.

மறைப்புக்கு வெளியே செருப்புச் சத்தம்.

"சாரிங்க சிஸ்டர்," என்றது மயிலாளின் குரல், மூச்சிரைக்க. "பாத்ரூம் போய்ட்டு வந்தனுங்க. இப்பப் படுத்துக்கட்டுங்களா?"

வினிதா அந்தப் பக்கம் திரும்பியது ஒரு நொடி.

கட்டில் காலி. போர்வை மடித்து வைத்தது வைத்தபடி இருந்தது.

தொட்டுப் பார்த்தாள். மெத்தை சூடாக இருந்தது.

அவள் கத்துவதற்கு முன்னால் வெளியே வேறு யாரோ கத்தினார்கள். கேட்டுக்குள் ஒரு ஆட்டோ குறுக்காக வந்து நின்றது. சுப்பண்ணன், "புதுக் கட்டடத்துக்குப் போங்க, பின்னால போங்க" என்று கைகாட்டிக்கொண்டிருக்க, ஆட்டோவுக்குள்ளிருந்து ஒரு வயதான அம்மா, "தலை தெரியுதய்யா, போறதுக்கு நேரமில்லய்யா!" என்று அலறியது. அருள்செல்வன் எட்டிப் பார்த்துவிட்டு, "இங்கயே! இங்கயே கொண்டாங்க!" என்று கத்தினார். ஒருத்தி புதுக் கட்டடத்துக்கு ஓடினாள். நாலு நர்சுகள் ஆட்டோவிலிருந்து கர்ப்பிணிப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கிடத்துவதற்கு இருந்தது அந்தக் கட்டில் ஒன்றுதான்.

பின்னால் வந்த அம்மா வினிதாவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டது.

பாண்டியம்மாள். நாகஜோதியின் அம்மா. ஏழு மாதத்தில் பத்து வயது கூடிப்போயிருந்தது.

"நீயா?" என்றது. "இவ சின்னவ, அபிராமி. இந்த வாசப்படிய இனி மிதிக்கக் கூடாதுன்னுதேன் இருந்தேன். பாதி வழியில பனிக்கொடம் ஒடஞ்சுபோச்சு. ஆட்டோக்காரன் பக்கமா இருக்குன்னு இங்க திருப்பிப்புட்டான்." அதற்குமேல் ஆத்திரப்பட அந்தத் தாய்க்கு நேரமில்லை. கையெடுத்துக் கும்பிட்டது. "இதையாச்சும் என் கையில குடுத்துருத்தா."

குழந்தை மூன்றே முக்கலில் வந்துவிட்டது. ஆண். நீலம் பாய்ந்து, துவண்டு, பொம்மையைப் போலவே கழுத்து தொங்க.

அழவில்லை.

அருள்செல்வன் கொடியை வெட்டினார். குழந்தையை வினிதாவிடம் நீட்டினார். "சிஸ்டர், நீங்க பிடிங்க. எனக்கு... நான் பொம்மைலதான் பண்ணியிருக்கேன்."

மாட்டேன் என்று வினிதாவின் உடம்பு முழுக்கச் சொன்னது. ஆனால் குழந்தை அதற்குள் அவள் கையில் இருந்தது. மேஜையில் கிடந்த பொம்மையை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் கிடத்தினாள். துடைத்தாள். முதுகைத் தேய்த்தாள். ஒன்றுமில்லை. தலையை நேராக்கி மாஸ்க்கை வைத்தாள்.

அமுக்கு, ரெண்டு, மூணு.

நெஞ்சு எழும்பவில்லை.

மாஸ்க்கை எடுத்து மறுபடி வைத்தாள். வாயைத் துடைத்தாள். தாடையை முன்னால் இழுத்துப் பிடித்தாள். மயிலாள் கொடியின் அடியைத் தொட்டுப் பார்த்து, "துடிக்குதுங்க. நெம்ப மெதுவா" என்றாள்.

அமுக்கு, ரெண்டு, மூணு.

எழும்பவில்லை. முருகா, முருகா, இந்த ஒண்ணு! என் கையிலிருந்து இந்த ஒண்ணை மட்டும் பிடுங்காதே! வினிதாவின் எண்ணிக்கை நின்றுபோனது.

ஆனாலும் எண்ணுகிற சத்தம் கேட்டது.

"அமுக்கு... ரெண்டு... மூணு."

இடது காதோரம். குளிர்ந்த மூச்சு. தெற்கத்தி இழுவை.

"அமுக்கு... ரெண்டு... மூணு."

வினிதாவின் கை தன்பாட்டுக்கு அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டு அமுக்கியது.

"துடிப்பு இன்னும் கொறையுதுங்க சிஸ்டர்." மயிலாள் அழ ஆரம்பித்திருந்தாள்.

எண்ணிக்கை நின்றது.

"இதுவும் தூங்குதாக்கா?"

வினிதாவுக்கு அப்போது பயம்கூடப் போய்விட்டது. பயத்துக்கும் அப்பால் ஒரு இடம் இருக்கிறதே, எதையும் கொடுக்கத் தயாராக இருக்கிற இடம், அங்கே போய் நின்றாள். கையை எடுக்காமலே, அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டுச் சொன்னாள்.

"இல்ல நாகஜோதி. தூங்கலை. செத்துப்போச்சு. உம்புள்ள அன்னைக்கே செத்துப்போச்சு. நான் பொய் சொன்னேன். சொல்ற தைரியம் எனக்கு இல்லாமப் போச்சு. வர்றேன்னு சொல்லீட்டு ஊட்டுக்கு ஓடிட்டேன். ஆம்பளப் புள்ள, நாகஜோதி. உன்னைய மாதிரியே தாடைல குழி. நான்தான் உனக்குக் காட்டாம உட்டுட்டேன்."

கட்டிலிலிருந்து அபிராமி வீறிட்டாள். "எம்புள்ளயா? எம்புள்ள செத்துப்போச்சா?"

"உன்னது இல்ல தாயி," என்று பாண்டியம்மாள் மகளின் வாயைப் பொத்தியது. கண் மட்டும் வினிதாவை விட்டு அகலவில்லை. "அக்காளோடது."

அமுக்கு.

நெஞ்சு எழும்பியது.

இவ்வளவு சின்ன நெஞ்சு. ஏறி இறங்கியது. ரெண்டு, மூணு. மறுபடி ஏறியது. உதடு சிவந்தது. கை ஒன்று விறைத்து விரிந்தது. பிறகு அழுதது. பூனைக்குட்டி மாதிரி முதலில், அப்புறம் ஊரையே கூட்டுகிற மாதிரி.

மேஜையோரத்தில் இன்னொரு அழுகையும் கேட்டது.

பொம்மை. பலூனை யாரும் தொடவில்லை. அது தானாகச் சுருங்கி, தானாக விரிந்தது. இரண்டு முறை. அப்புறம் நின்றுவிட்டது.

நர்சுகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் வாய் திறப்பதற்குள் புதுக் கட்டடத்திலிருந்து டாக்டரம்மா ஆட்களோடு ஓடிவந்துவிட்டார். குழந்தையைச் சுருட்டி, தாயைத் தள்ளுவண்டியில் ஏற்றி, ஐந்தே நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது.

மூன்றாம் மாடியில், குழந்தை வார்டுக்கு வெளியே, வினிதா பாண்டியம்மாளின் எதிரில் உட்கார்ந்தாள். பெஞ்சில் இடம் இருந்தும் தரையில்தான் உட்கார்ந்தாள். ஐப்பசியில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். நல்ல சேதி சொல்ல ஒரு நர்ஸ் வந்துபோனாள். குழந்தை நன்றாக மூச்சு விடுகிறது, நாளைக்கு அம்மாவிடம் கொடுத்துவிடலாம்.

பாண்டியம்மாள் நர்ஸ் போவதைப் பார்த்துவிட்டு, "அன்னைக்கே சொல்லிருந்தா அவ புள்ள மொகத்தையாச்சும் பாத்துட்டுப் போயிருப்பாளே" என்றது. "அந்த இடியக்கூடத் தாங்கியிருப்பா. அந்த ஒரு பொய்யப் புடிச்சுக்கிட்டே போனா எம்மக."

வினிதா தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். ஏழு மாதத்து அழுகை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தலையில் மஞ்சள் குல்லா, ஓரமெல்லாம் நீலத் தையல். வினிதா போடவில்லை. சுருட்டும்போது மயிலாள் போட்டிருப்பாள் என்று நினைத்தாள்.

பாண்டியம்மாளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. "மூத்தவ தச்சதுல்ல அது? ஒங்கிட்ட குடுத்தாளா?"

"ஆமாங்கம்மா. என்ற கிட்டதான் இருந்துச்சு. குடுக்க வாய்க்கலை. மன்னிச்சுருங்க."

"ரெண்டு தச்சா. ஒண்ணு அழுக்கானா இன்னொண்ணுன்னு. மத்ததை அவ கைக்குள்ள வச்சுத்தேன் ஊர்க் கரிசல்ல பொதைச்சோம்." முந்தானையால் மூக்கைத் துடைத்தது. "இருக்கட்டும். பெரியாத்தா குடுத்ததா இருந்துட்டுப் போகட்டும். கழட்டாத."

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. வினிதா கூடத்தைப் பூட்டக் கீழே வந்தாள். நர்சுகள் போய்விட்டிருந்தார்கள். மயிலாள் மட்டும் வாசலில் பையோடு நின்றிருந்தாள்.

"சிஸ்டர், நடுவுல ஒரு மாதிரி எண்ணுனீங்களே, மதுரைப் பேச்சாட்டம். பயத்துல அப்படி வந்துருச்சுங்களா?"

வினிதா பேச்சை மாற்றினாள். "குழந்தைக்குக் குல்லா போட்டது நீங்கதானுங்க மயிலா?"

"நானில்லீங்க. நீங்க போட்டீங்கன்னு நெனைச்சனுங்க." மயிலாள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள்.

வினிதா உள்ளே போய் விளக்கைப் போட்டாள். கட்டில், மறைப்பு, மேஜை. மேஜையோரத்தில் பொம்மை மல்லாந்து கிடந்தது.

தலையில் மஞ்சள் குல்லா.

நீலத் தையல். அவளே துவைத்துக் காயவைத்த குல்லா. ஓரத்தில் சோப்புக் கறைகூட அப்படியே இருந்தது.

அப்படியென்றால் மேலே, குழந்தையின் தலையில் இருப்பது?

மேஜையைச் சுற்றித் தரையில் மண் சிந்தியிருந்தது. கரிசல் மண். திருப்பூர் மண் அல்ல.

வினிதா பின்னோக்கியே நடந்து வெளியே வந்தாள். விளக்கை அணைக்கவில்லை. கதவைச் சாத்தினாள். வாய் வரைக்கும் வந்த சொல்லைப் பல்லைக் கடித்து விழுங்கினாள். இந்தமுறை சொல்லமாட்டாள். எதுவும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். பூட்டை அமுக்கினாள். அது பூட்டிக்கொண்டது.

"போயிட்டு வாரேன்க்கா."

உள்ளேயிருந்து அல்ல. அவள் முதுகுக்குப் பின்னால், வெளியே.

திரும்பினாள். முற்றம் வெறிச்சென்று கிடந்தது. கேட்டுப் பக்கமிருந்து சுப்பண்ணன் டீ டம்ளரோடு வந்துகொண்டிருந்தார்.

"சிஸ்டர், உங்க கூட இருந்துச்சே ஒரு சின்ன வயசுப் பொண்ணு, நைட்டி போட்டுக்கிட்டு, அது யாருங்க? பொறந்த குழந்தைகள வெக்கற எடம் இங்கதான இருந்துச்சு, இப்ப எங்கன்னு கேட்டுச்சுங்க. பாவம், இத்தனை நாளாத் தெரியலையாமுங்க." அவர் டீயை ஒரு வாய் குடித்தார். "பின்னால புதுக் கட்டடம், மூணாவது மாடின்னு வழி சொல்லி உட்டனுங்க."